லின்ஸ்ட்ருமென்ட்: சட்ஜமத்துக்கு நேர் மேலே மத்திமம்

மின்னணு இசைக்கருவி ஒன்றை மதிப்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் அதன் ஒலியிலிருந்தே பேச்சைத் தொடங்குவார்கள். லின்ஸ்ட்ருமென்டுக்கு அந்த வழி பொருந்தாது. அதற்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. விரல் எங்கே பட்டது, எவ்வளவு அழுத்தியது, எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற செய்தியை மட்டும் அது யூஎஸ்பி வழியாகவோ, மின்னணு இசைக்கருவிகள் தமக்குள் செய்தி பரிமாறும் பழைய மிடி கம்பி வழியாகவோ வெளியே அனுப்புகிறது. அந்தச் செய்தியைக் குழலாகவோ வயலினாகவோ ஒலிக்கச் செய்வது கணினியிலோ டேப்லெட்டிலோ இருக்கும் வேறொரு மென்பொருளின் வேலை. ஆகவே இதை வாங்குகிறவர் கையில் பெறுவது, விரல் உணரும் ஒரு சுர வரைபடம். எந்தச் சுரம் எங்கே இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி எது, ஒரு ராகத்தின் சுரங்கள் கண்ணுக்கு எப்படித் தெரிகின்றன என்ற கேள்விகளுக்கு அந்த வரைபடம் தரும் விடையைக் கொண்டுதான் இதன் தரத்தைச் சொல்ல முடியும். வீணை பழகிய கையோடு ஓராண்டுக்கு மேலாக இதை வாசித்து வருகிறேன். கர்நாடக இசை பயில்கிறவர்களுக்கு இந்தச் சுர அமைப்பு எவ்வளவு பயன்படும் என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

இதை வடிவமைத்த ரோஜர் லின், 1980-இல் வந்த எல்எம்-1 என்ற தாளக் கருவியையும், அகாய் நிறுவனத்துக்காக 1988-இல் எம்பிசி60-ஐயும் உருவாக்கியவர். நான்குக்கு நான்காக அடுக்கிய சதுரக் கட்டங்களை விரலால் தட்டித் தாளம் அமைக்கும் பழக்கம் உலகெங்கும் பரவியதில் எம்பிசிக்குப் பெரிய பங்கு உண்டு. 2014-இல் வெளிவந்த லின்ஸ்ட்ருமென்டும் கட்டங்களால் ஆனதுதான். ஆனால் இங்கே கட்டங்கள் தாளத்தை விட்டுச் சுரத்துக்கு வந்திருக்கின்றன. மென்மையான சிலிக்கான் பரப்பில் 8 வரிசைகள், வரிசைக்கு 25 கட்டங்கள், மொத்தம் 200. இடது ஓரத்தில் அமைப்புகளை மாற்றும் பொத்தான்கள் ஒரு நிரையாக நிற்கின்றன. ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் நிறம் மாற்றக்கூடிய விளக்கு உண்டு. கருவியை இயக்கும் உள்மென்பொருளை எழுதியவர் கேர்ட் பெவின். அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்து வைக்கப்பட்டுள்ளது.

சுரங்கள் அடுக்கப்பட்டிருக்கும் விதி ஒரே வரியில் அடங்கும். வலப்பக்கம் ஒரு கட்டம் நகர்ந்தால் அரைச்சுரம் ஏறும். மேலே ஒரு வரிசை ஏறினால் ஐந்து அரைச்சுரம் ஏறும். ஐந்து அரைச்சுரம் என்பது சட்ஜமத்திலிருந்து சுத்த மத்திமம் வரையுள்ள தூரம். எனவே எந்தக் கட்டத்தை சட்ஜமமாகக் கொண்டாலும் அதற்கு நேர் மேலே இருப்பது சுத்த மத்திமம். அதற்கும் நேர் மேலே இருப்பது கைசிகி நிஷாதம். சட்ஜமத்திலிருந்து வலப்பக்கமாக சுத்த ரிஷபம், சதுஸ்ருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று ஐந்து இடங்கள் முடிந்ததும் மேல் வரிசைக்கு ஏறினால் சுத்த மத்திமம், பிரதி மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம் என்று அடுத்த ஐந்து வருகின்றன. மூன்றாம் வரிசையில் கைசிகி நிஷாதம், காகலி நிஷாதம், மேல் சட்ஜமம். பன்னிரண்டு சுரஸ்தானங்களும் ஐந்து கட்ட அகலத்தில், மூன்று வரிசை உயரத்தில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகின்றன. பஞ்சமம் சதுஸ்ருதி ரிஷபத்தின் தலைக்கு மேல் நிற்கிறது. மேல் சட்ஜமம் பஞ்சமத்தின் தலைக்கு மேல் நிற்கிறது. இந்த இரண்டு உறவுகளை விரல் பழகிவிட்டால் பாதிப் பரப்பு பழகியதாகவே கொள்ளலாம்.

இந்த அடுக்கின் அழகு மாயாமாளவகௌளை ராகத்தை வாசிக்கும்போது முதலில் தெரியும். சட்ஜமம், பக்கத்திலேயே சுத்த ரிஷபம், இரண்டு கட்டம் விட்டு அந்தர காந்தாரம், அதை ஒட்டி அதே வரிசையிலேயே மத்திமம் (மேல் வரிசையில் இருக்கும் அதே மத்திமம் இங்கேயும் கிடைக்கும்) என்று பூர்வாங்கம், அதாவது ராகத்தின் முதல் பாதி, ஒரு வடிவமாக அமைகிறது. பஞ்சமத்துக்கு வந்து அதே வடிவத்தை அப்படியே வைத்தால் சுத்த தைவதமும் காகலி நிஷாதமும் மேல் சட்ஜமமும் தாமாகவே விரலடியில் வந்துவிடுகின்றன. பூர்வாங்கமும் அடுத்த பாதியான உத்தராங்கமும் ஒன்றின் நிழல் மற்றொன்று என்று ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதைக் கையின் அசைவாகவே உணர வைக்கும் பரப்பு இது. பியானோ வகைக் கீபோர்டிலும் இந்த உறவு உண்டு என்றாலும், அங்கே வெள்ளைக் கட்டை, கறுப்புக் கட்டை என்ற வேறுபாடு எல்லாச் சுருதியிலும் அதைத் தெளிவாகக் காட்ட விடுவதில்லை.

தாய் ராகங்களான 72 மேளகர்த்தாக்களில் சுத்த மத்திம மேளங்கள் 36-ஐ எடுத்துக்கொண்டால், இப்படி இரு பாதிகளும் ஒரே வடிவமாக இருப்பவை ஆறு: கனகாங்கி, தோடி, மாயாமாளவகௌளை, கரகரப்பிரியா, சங்கராபரணம், சலநாட்டை. அவற்றின் எண்கள் 1, 8, 15, 22, 29, 36 என்று ஏழேழாகத் தாவுகின்றன. ஆறு மேளங்கள் கொண்ட சக்கரத்துக்கு ஒன்றாக, முதல் சக்கரத்தில் முதலாவது, இரண்டாம் சக்கரத்தில் இரண்டாவது என்று வருவதால் அந்த ஒழுங்கு. இதை நான் ஏட்டில் படித்தது உண்டு. ஆனால் ஆறையும் இந்தப் பரப்பில் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துப் பார்த்த ஒரு பிற்பகலில்தான் அது எனக்கு மனத்தில் பதிந்தது. பிரதி மத்திம மேளங்களுக்குப் போவதும் இதே அளவு எளிது: சட்ஜமத்துக்கு நேர் மேலே இருக்கும் மத்திமம் ஒரு கட்டம் வலப்பக்கம் தள்ளி நிற்கும்; மற்ற ஆறு சுரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். 29-ஆவதான சங்கராபரணம் 65-ஆவதான மேசகல்யாணியாவது அந்த ஒரு விரலின் நகர்வால்தான். மேளகர்த்தா அட்டவணையைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவர்கள் இந்தக் காரணத்துக்காகவே ஒருமுறை இதைப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

சுருதி மாற்றம் இன்னொரு பெரிய செய்தி. நாம் ஒரு கட்டை, இரண்டு கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சொல்வதே ஆர்மோனியக் கட்டைகளிலிருந்து வந்த வழக்கு. ஒரு கட்டையில் மாயாமாளவகௌளை வாசித்தால் ஐந்து வெள்ளைக் கட்டைகளும் இரண்டு கறுப்புக் கட்டைகளும் வரும். இரண்டு கட்டைக்கு மாறினால் மூன்று வெள்ளையும் நான்கு கறுப்புமாக விரலமைப்பே புதிதாகிவிடும். ஐந்து கட்டையில் நான்கும் மூன்றும். ஆண் பாடகர் ஒருவருக்கு ஒரு கட்டையிலும், அடுத்த நாள் பெண் பாடகர் ஒருவருக்கு ஐந்து கட்டையிலும் பக்கத்துணை வாசிக்க நேர்கிறவர் படும் பாடு இதனால்தான். லின்ஸ்ட்ருமென்டில் எந்தக் கட்டையானாலும் வடிவம் மாறுவதில்லை. கை போய் இறங்கும் இடம் மட்டும் மாறுகிறது. கீபோர்டிலும் சுருதியை நகர்த்தும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி எப்போதும் ஒரே இடத்திலிருந்து வாசிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அந்தப் பொத்தான் சட்ஜமத்தை மட்டுமே காப்பாற்றும். பாட்டின் நடுவே மத்திமத்தை சட்ஜமமாகப் பாவித்து ஒரு சஞ்சாரம் செய்ய விரும்பினால் கீபோர்டில் விரலமைப்பு உடனே மாறிவிடும். இங்கே ஒரு வரிசை மேலே ஏறி அதே வடிவத்தை வாசித்தால் போதும்.

விளக்குகளுக்கு வருவோம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது சி மேஜர் ஸ்கேலின் சுரங்களுக்கு ஒரு நிறமும், சி என்ற சுரத்துக்கு மட்டும் வேறொரு நிறமும் இருக்கும். பொது அமைப்புகளுக்குள் போனால் ஆயத்தமாக உள்ள சில மேற்கத்திய ஸ்கேல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்; அல்லது பன்னிரண்டு சுரஸ்தானங்களில் எவை ஒளிர வேண்டும், எவை அழுத்தமான நிறத்தில் ஒளிர வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தொட்டு நாமே அமைக்கலாம். ஒலியை உயர்த்துவதும் விளக்குகளை நகர்த்துவதும் தனித்தனி அமைப்புகளாக இருப்பது மிக நல்ல முடிவு. நான் பச்சை நிறத்தில் ராகச் சுரங்களும் நீல நிறத்தில் சட்ஜமமும் வைத்துக்கொள்கிறேன். மோகனத்தை இப்படி ஏற்றிவைத்தால் கீழ் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக மூன்று விளக்குகள், அடுத்த வரிசையில் இரண்டு, அதற்கு மேல் சட்ஜமமும் ரிஷபமும் என்று ஒரு கோலம் தெரியும். ஹிந்தோளத்தில் சட்ஜமத்துக்கு மேல் மத்திமம், காந்தாரத்துக்கு மேல் தைவதம், மத்திமத்துக்கு மேல் நிஷாதம் என்று நிறுத்தித் தைத்தாற்போன்ற நேர்கோடுகள் தெரியும். சில ராகங்களுக்கு இப்படி முகம் உண்டு என்பதை நான் எதிர்பார்க்கவில்லை.

சுரங்களை மாற்றாமல் சட்ஜமத்தை மட்டும் இடம் மாற்றி வேறொரு ராகத்தைப் பெறும் கிரகபேதத்தை விளக்க இதைவிடத் தெளிவான கருவியை நான் கண்டதில்லை. மோகனத்தின் ஐந்து சுரங்களும் பச்சையாக எரியட்டும். அவற்றை மாற்றவே வேண்டாம். நீல விளக்கை மட்டும் ரிஷபத்துக்கு மாற்றினால் கண்ணெதிரே இருப்பது மத்தியமாவதி. காந்தாரத்துக்கு மாற்றினால் ஹிந்தோளம், பஞ்சமத்துக்கு மாற்றினால் சுத்த சாவேரி, தைவதத்துக்கு மாற்றினால் சுத்த தன்யாசி. கச்சேரியில் தேர்ந்த வித்துவான் ஒருவர் நொடிப்பொழுதில் செய்து காட்டும் இந்த வித்தை கேட்பவர்களில் பலருக்குக் கணக்காகவே நின்றுவிடுகிறது. பரப்பு முழுவதும் எரியும் விளக்குகள் ஒன்றுகூட அசையாமல், ஒரே ஒரு நிறம் இடம் மாறியதும் வேறொரு ராகம் எழுவதைப் பார்த்த என் அண்ணன் மகள், பன்னிரண்டு வயதுப் பெண், அன்று மாலை முழுவதும் வேறு எந்த ராகத்துக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

இங்கே ஒளிராத சுரங்களும் ஒலிக்கும் என்பதைக் குறிப்பிட வேண்டும். விளக்கு வழிகாட்டுமே தவிர வேலி போடாது. இதற்கு நேர் எதிரான வழியை ஏபிள்டன் நிறுவனத்தின் புஷ் என்ற கருவியில் காணலாம். எட்டுக்கு எட்டாக 64 கட்டங்கள் கொண்ட அதில், ராகத்துக்கு வெளியே உள்ள சுரங்களைப் பரப்பிலிருந்தே நீக்கிவிடும் முறை ஒன்று உண்டு; அதைத் தேர்ந்தெடுத்தால் தவறான சுரம் என்பதே விழாது. அதன் ஸ்கேல் பட்டியலில் உள்ள பைரவ் என்பது இந்துஸ்தானிப் பெயர். சுரஸ்தானங்களைப் பொறுத்தவரை நம் மாயாமாளவகௌளைதான். அதைத் தேர்ந்தெடுத்ததும் கீழ் வரிசையில் எட்டுக் கட்டங்களும் ச ரி க ம ப த நி ச என்று வரிசையாக நின்றுவிடுகின்றன. சரளி வரிசையை எடுத்த எடுப்பிலேயே வாசித்துவிடலாம். விரைவாகப் பாட்டு அமைக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி, அதில் ஐயமில்லை. ஆனால் சட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையே ஒரு அரைச்சுரமும், அந்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையே மூன்று அரைச்சுரமும் இருக்க, இரண்டும் ஒரே தூரமாக விரலுக்குத் தெரிகின்றன. மாயாமாளவகௌளையின் உயிரே அந்தச் சிறிய அடியும் பெரிய அடியும் மாறி மாறி வருவதில் இருக்கிறது. அதை மறைக்கும் பரப்பில் பயின்ற கை, ராகம் மாறியதும் எதையும் கற்றிராத கையாக நிற்கும். புஷ் கருவியிலும் எல்லாச் சுரங்களையும் காட்டும் முறை உண்டு. அதில் வரிசைகள் லின்ஸ்ட்ருமென்டைப் போலவே ஐந்து அரைச்சுர இடைவெளியில் அமைகின்றன. பயில்கிறவர் அந்த முறையிலேயே இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

லின்ஸ்ட்ருமென்டின் பரப்பில் 200 கட்டங்கள் இருந்தாலும் வேறுவேறான சுரங்கள் 60 மட்டுமே, அதாவது சரியாக ஐந்து ஸ்தாயி. ஒரு வரிசையில் ஐந்து கட்டம் வலப்பக்கம் போனாலும், ஒரு வரிசை மேலே ஏறினாலும் வருவது ஒரே சுரம். பரப்பின் நடுப்பகுதியில் ஒரு சுரம் ஐந்து இடங்களில் கிடைக்கும். பழக்கமில்லாதவர்களுக்கு இது முதலில் வீண் குழப்பமாகத் தோன்றும். எனக்கும் சில வாரங்கள் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் மத்திமம் இரண்டு இடங்களில் இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருப்பதைக் கண்டுகொண்டேன். சட்ஜமத்துக்கு நேர் மேலே இருக்கும் மத்திமம் விரைவுக்கு உரியது. துரித காலத்தில் சுரம் கோக்கும்போது கை நகராமல் விரல் மட்டும் ஏறி இறங்க அது உதவுகிறது. அதே வரிசையில் ஐந்தாம் கட்டமாக இருக்கும் மத்திமம் கமகத்துக்கு, அதாவது சுரத்தை அசைத்தும் இழுத்தும் வாசிப்பதற்கு, உரியது. காரணம், விரலை எடுக்காமல் இழுத்துக்கொண்டு போகக்கூடிய வழி வரிசையின் நீளத்தில் மட்டுமே இருக்கிறது. வரிசை விட்டு வரிசை இழுத்தால் முதல் சுரம் முறிந்து புதிய சுரம் பிறக்கும். வீணையில் ஒரே தந்தியின் மெட்டுகளில் ஓடுவதும் அடுத்த தந்திக்குத் தாவுவதும் எப்படி இரண்டு வேறு வேலைகளோ, அப்படித்தான் இதுவும். முதல் தந்தியான சாரணியை விட்டு விலகாமல் வாசித்துப் பழகியவர்களுக்கு வரிசை எளிதில் வசப்படும். கீபோர்டிலிருந்து வருகிறவர்களுக்கு ஏறுதல் எளிதாக இருக்கும். இரண்டையும் கலப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏட்டில் அது சாதாரண காந்தாரம். பாட்டில் அது ரிஷபத்தின் பக்கமிருந்து மத்திமம் வரை ஊசலாடும் அகலமான கம்பிதம். சாதாரணக் கீபோர்டில் ஒரு கையால் கட்டையை அழுத்தி மறு கையால் சுருதியை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பி இதைச் செய்ய வேண்டும். அந்தக் கலையில் தேர்ந்து கச்சேரி மேடையில் நின்று காட்டிய கே. சத்தியநாராயணன் போன்றவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. இங்கே சுத்த ரிஷபமும் மத்திமமும் ஒரே வரிசையில் நான்கு கட்ட இடைவெளியில் இருப்பதால் ஒரே விரல் அந்த ஊசலை ஆடிவிடும். அழுத்தம் கூடினால் ஒலி பெருகும். ஆகவே ஊசலின் ஒரு முனையை மெலிதாகவும் மறுமுனையை அழுத்தமாகவும் வைக்கலாம். வீணையில் தந்தியை இழுக்கும்போது சுருதி மேலே மட்டுமே போகும், மெட்டுக்குக் கீழே இறங்காது. இங்கே இரு பக்கமும் போகலாம் என்பதால் மேலிருந்து இறங்கும் ஜாரு வாய்ப்பாட்டுக்கு நெருக்கமாக வருகிறது. நான் இந்தக் கருவியில் மிகவும் நேசிப்பது இந்த இறக்கத்தைத்தான்.

இதற்கு மூன்று அமைப்புகள் சரியாக இருக்க வேண்டும். முதலாவது, ஒவ்வொரு விரலுக்கும் தனி மிடி சேனல் தரும் எம்பிஇ முறை. 2018-இல் மிடி தரத்தின் பகுதியாக ஏற்கப்பட்ட இதில், சுர வளைவின் எல்லை இரு பக்கமும் 48 அரைச்சுரம் என்பது இயல்பு நிலை. ஒலி தரும் மென்பொருளிலும் இதே எண் இருந்தால்தான் ஐந்து கட்டம் இழுத்த விரல் மத்திமத்தில் போய் நிற்கும். அங்கே வேறு எண் இருந்தால் விரல் ஓரிடமும் சுருதி ஓரிடமுமாக அலையும். புதிதாக வாங்கியவர்கள் கருவியில் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கலங்குவது பெரும்பாலும் இந்த ஓர் எண்ணால்தான். இரண்டாவது, குவான்டைஸ் ஹோல்ட் என்ற அமைப்பு. இழுத்த விரல் ஓரிடத்தில் நின்றதும் அருகிலுள்ள கட்டத்தின் நடுச்சுருதிக்கு ஒலியைத் தானாகவே நகர்த்தி வைக்கும் ஏற்பாடு இது. மேற்கத்திய இசை வாசிப்பவர்களுக்கு இது துணை. நமக்கு இது தடை. சுரஸ்தானங்களுக்கு நடுவே வரும் அனுசுரத்தில் நிற்க விரும்பும் விரலைக் கருவி இழுத்துக்கொண்டு போய்ச் சுரஸ்தானத்தில் நிறுத்திவிடும். அதை அணைத்துவிட வேண்டும்.

மூன்றாவது அமைப்பான குவான்டைஸ் சற்று விரிவாகப் பேசத் தகுந்தது. அது இயங்கும் நிலையில், கட்டத்தின் எந்த மூலையைத் தொட்டாலும் அதன் நடுச்சுருதியே ஒலிக்கும். அதாவது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரித்த சுருதிகள். தம்புராவின் சட்ஜம பஞ்சமத்தோடு இவற்றை வைத்துக் கேட்டால் பஞ்சமம் இரண்டு சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு) அளவே குறைவு என்பதால் காது பொறுத்துக்கொள்ளும். அந்தர காந்தாரம் அப்படியில்லை. தம்புராவின் நாதத்துக்குள்ளேயே கேட்கும் இயற்கையான காந்தாரம் சட்ஜமத்திலிருந்து 386 சென்ட் உயரத்தில் இருக்க, சமப் பிரிவின் காந்தாரம் 400-இல் நிற்கிறது. அந்த 14 சென்ட் உறுத்தலைச் சங்கராபரணத்தில் காந்தாரத்தில் நிற்கும்போது யாரும் உணரலாம். காகலி நிஷாதத்திலும் ஏறக்குறைய 12 சென்ட் கூடுதல் உண்டு. குவான்டைஸை அணைத்துவிட்டால் விரல் படும் இடமே சுருதி என்றாகிவிடும். ஒரு கட்டத்தின் அகலம் 100 சென்ட் என்பதால், காந்தாரத்தைக் கட்டத்தின் நடுவிலிருந்து ஏழில் ஒரு பங்கு இடப்பக்கமாகத் தொட்டால் தம்புராவோடு அது இழைந்துவிடுகிறது. வயலின் வாசிப்பவர்கள் காதால் செய்வது இதுவே. தொடக்கத்தில் சுருதி தவறும். ஆகவே முதல் சில மாதங்கள் குவான்டைஸை இயக்கியும், கை நிலைத்த பிறகு அணைத்தும் பயில்வதே சரியான வரிசை. எம்பிஇ-யை ஏற்கும் சர்ஜ் எக்ஸ்டி போன்ற இலவச மென்பொருள்களில் சுருதிப் பிரிவுகளையே மாற்றி அமைக்கும் வசதியும் உண்டு என்றாலும், சுருதியை விரலிடமே விட்டுவிடுவதை நான் விரும்புகிறேன்.

விளக்குகளின் குறையையும் சொல்ல வேண்டும். அவை ஒரு சுரத் தொகுதியைத்தான் காட்டும். ஏறும் வழி ஒன்று, இறங்கும் வழி வேறொன்று என்பதை அறியா. பைரவியில் ஆரோகணத்தில் சதுஸ்ருதி தைவதம், அவரோகணத்தில் சுத்த தைவதம். பரப்பில் இரண்டும் அடுத்தடுத்து ஒரே நிறத்தில் எரிந்துகொண்டிருக்கும். பிலஹரி மோகனமாக ஏறிச் சங்கராபரணமாக இறங்குவது. மத்திமமும் நிஷாதமும் இறக்கத்துக்கு மட்டும் உரியவை என்று விளக்கு சொல்லாது. இதற்கு நான் கண்ட வழி, அழுத்த நிறத்தை சட்ஜமத்திடமிருந்து வாங்கி, ஒரு திசைக்கு மட்டும் உரிய சுரங்களுக்குக் கொடுத்துவிடுவது. பிலஹரிக்கு மத்திமமும் நிஷாதமும், பைரவிக்குச் சுத்த தைவதமும் ஆரஞ்சு நிறத்தில் எரியும்போது, இறங்கும் வரை அவற்றைத் தொடக் கூடாது என்று கை தானே கற்றுக்கொள்கிறது. சட்ஜமத்தின் அடையாளம் அப்போது போய்விடுகிறது. இரண்டுக்கும் சேர்த்து இந்த ஸ்கேல் அமைப்பிலேயே மூன்றாவது நிறம் ஒன்று இருந்திருந்தால் நம் இசைக்கு இது முழுமையாகப் பொருந்தியிருக்கும். பன்னிரண்டு இடங்களுக்குப் பதினாறு பெயர்கள் என்ற நம் முறையையும் விளக்கு அறியாது. சலநாட்டையின் ஷட்சுருதி ரிஷபமும் கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரமும் அதற்கு ஒரே கட்டம். பெயரை வாசிப்பவர்தான் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வக்கிர சஞ்சாரம், ஜீவசுரம், நியாச சுரம் ஆகிய எதுவும் அந்தப் பச்சை விளக்குகளில் இல்லை. பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது, எரிவது ராகத்தின் சுரங்கள் மட்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறேன்.

வரிசைகளுக்கு இடையேயுள்ள தூரத்தை ஐந்திலிருந்து வேறு எண்ணுக்கு மாற்றவும் கருவி இடம் தருகிறது. ஏழாக மாற்றினால் சட்ஜமத்துக்கு நேர் மேலே பஞ்சமம் வரும்; கிட்டார் வாசிப்பவர்களுக்கு அவர்களுடைய தந்தி முறையும் உண்டு; பன்னிரண்டாக மாற்றினால் சட்ஜமங்கள் எல்லாம் ஒரே நிரையில் நிற்கும். வயலினிலும் வீணையிலும் தந்திகள் ச ப ச ப என்று ஐந்தும் ஏழும் மாறி மாறி அமைவதால், ஏழு நமக்கு நெருக்கமாக இருக்குமோ என்று எண்ணிச் சில வாரங்கள் வாசித்துப் பார்த்தேன். ஒரு வரிசையில் ஏழு கட்டங்கள் எட்ட வேண்டியிருப்பதால் விரைவு குறைகிறது, கை களைக்கிறது. ஐந்துக்கே திரும்பிவிட்டேன்.

இதன் சிறிய வடிவமான 128-இல் வரிசைக்கு 16 கட்டங்கள். விலையும் எடையும் குறைவு, பையில் எளிதாக அடங்கும். சுரம் கோப்பதற்கும் மேளங்களைப் பயில்வதற்கும் அது தாராளமாகப் போதும்; அதன் பரப்பிலும் நான்கு ஸ்தாயிக்கு மேல் இருக்கிறது. ஆனால் கமகம் வரிசையில்தான் வாழ்கிறது. பெரிய வடிவத்தில் ஒரு வரிசை சரியாக இரண்டு ஸ்தாயி நீளம். மத்திய சட்ஜமத்தை வரிசையின் நடுவில் வைத்துக்கொண்டால் மந்திர சட்ஜமம் வரை இழுத்து இறங்கவும் தார சட்ஜமம் வரை இழுத்து ஏறவும் இடம் உண்டு. சிறியதில் ஒரு ஸ்தாயிக்கு மேல் மூன்று அரைச்சுரமே மிஞ்சும். தார சட்ஜமத்தை எட்டி அங்கிருந்து சாதாரண காந்தாரம் வரை போனதும் பரப்பு முடிந்துவிடும். ராக ஆலாபனையைக் கருதி வாங்குகிறவர்கள் சில மாதம் பொறுத்துச் சேமித்து 200 கட்டங்கள் உள்ளதையே வாங்கட்டும். ஒலிக்கு ஒரு நல்ல கணினியோ டேப்லெட்டோ தனியாக வேண்டும் என்பதையும் அந்தச் சேமிப்பிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும். வாங்கிய அன்றே விளக்குகளை மாயாமாளவகௌளைக்கு அமைத்து, தம்புராவை ஓடவிட்டு, பூர்வாங்கத்தை வாசித்து, அதே வடிவத்தைப் பஞ்சமத்தில் வைத்துப் பாருங்கள்.